யாருக்கு இடது?

ஆஸ்பத்திரியில் அவளை மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்ட பெயர் அது. வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவள் மூச்சக்காதான். அவளைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன் மட்டும், தங்கைக்கு நாற்பத்தொன்பது முடிந்த பிறகும், "பாப்பா" என்பார்.

மூச்சக்காவிடம் ஒரு கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கும், முப்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார். விளக்கைப் போட்டால் முன்பக்கம் இரண்டு மூடிகள் இமை மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும். அதிலும் ஒன்று சட்டென்று திறக்கும், மற்றது யோசித்துவிட்டுத் திறக்கும்.

அந்தக் கார் அவளிடம் வந்த கதை சின்னதுதான். எலும்பு டாக்டர் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், தன் முட்டியைப் படமெடுத்துக்கொள்ள வந்தார். மூச்சக்காதான் எடுத்தாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் முட்டியைப் பார்த்து உத்தரவு போட்டவர், தன் முட்டியை வெளிச்சத்தில் மாட்டி, இப்படியும் அப்படியுமாகச் சாய்ந்து பார்த்தார். பிறகு, "இந்த முட்டியை வச்சுக்கிட்டு அந்த வண்டியில ஏறி இறங்க முடியாது. நீ எடுத்துக்கறியா?" என்று கேட்டார். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்து அலுத்தவர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவள் சரி என்றுவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவள் கணவர் இன்று வரைக்கும் கேட்கிறார். அவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். எங்கே போவதானாலும் பஸ்ஸில் போவார். வழியை வேடிக்கை பார்க்க அதுதான் வசதி என்பார்.

காரை வாங்கிய நாளிலிருந்து அதன் எண்ணெயை மாற்றுகிற வேலை அண்ணனுடையது. அவர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், புது எண்ணெயும் ஃபில்டரும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, நின்றபடியே ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதென்றால் அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் காரைப் பற்றித்தான். மற்றபடி இரண்டு பேருக்கும் போனில் பேசிப் பழக்கமில்லை.

அந்த ஏற்பாடு போன வருஷக் கடைசியில் அறுந்து போனது. மூச்சக்கா வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆனதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பாராட்டு வைத்தார்கள். குடும்பத்தில் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றதும், கணவர் கூச்சப்பட்டு நெளிந்தார். அண்ணன் எழுந்து போய் மைக்கை வாங்கினார். ஆரம்பமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில், "என் தங்கச்சிக்கு அந்த வண்டிய ஓட்டத்தான் தெரியும். எண்ணெய் எங்க ஊத்தறதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. எலும்பு டாக்டர்கூட, ஊன்றுகோலைத் தரையில் தட்டிச் சிரித்தார். மூச்சக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்ததும் அண்ணனிடம், இனிமேல் என் வண்டியை நீ தொட வேண்டாம், எனக்கே பார்த்துக்கொள்ளத் தெரியும் என்றாள். அவரும் விடவில்லை. சரி, பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் பேச்சில்லை.

எண்ணெய் மாற்றவேண்டிய காலம் வந்தது, போனது. வேறு மெக்கானிக்கிடம் விடலாம்தான். ஆனால் "எனக்கே பார்த்துக்கொள்ளத் தெரியும்" என்று சொன்ன வாய் அவளுடையது. விட்டால் அண்ணன் சொன்னது நிஜமாகிவிடும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, தானே மாற்றிவிடுவதென்று இறங்கினாள்.

அவர்கள் குடியிருந்தது ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதி. வீட்டை ஒட்டி, வாசற்கதவை நோக்கிச் சரிவாக இறங்கும் ஒரு சிமெண்ட் பாதை. அதில்தான் வண்டிகள் நிற்கும். உள்ளே மாடிவீட்டு மருந்துக்கடைக்காரரின் கார், வாசல் பக்கமாக மூச்சக்காவின் கார். அவர் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்குப் போகவேண்டும். அதற்குள் வழி விட்டுவிடுவேன் என்று அவரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் இந்த வேலையைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது. பழைய எண்ணெயை வடிக்கவும். ஃபில்டரை மாற்றவும். போனில் ஒரு வீடியோ கிடைத்தது. அதில் வந்த ஆள் சிரித்த முகமாக, ஆறு நிமிஷத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் வண்டி ஆளுயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதை மூச்சக்கா கவனிக்கத்தான் செய்தாள். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் தகராறு ஜாக்கியிலேயே வந்தது. வண்டி அவ்வளவு தாழ்வு, ஜாக்கி அடியில் நுழையவில்லை. ஜாக்கியை வைக்க வண்டியைத் தூக்க வேண்டும், தூக்குவதற்கு ஜாக்கி வேண்டும். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கணவர் வராந்தாவில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர், ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலகை போட்டு ஏற்றினால் என்ன என்றார். அது நல்ல யோசனைதான். அவர் சொன்னதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பழைய கட்டிலின் பலகைகளை எடுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டு, வண்டியை மெதுவாக அதன்மேல் ஏற்றி, பிறகு ஜாக்கி போட்டு, வண்டி இறங்காமல் இரும்புத் தாங்குகால்கள் இரண்டை அடியில் வைத்து முடிப்பதற்குள் பத்தரை ஆகிவிட்டது.

தரையில் விரிக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டதற்குக் கணவர் பள்ளிக்கூடம் கழித்துவிட்ட ஒரு பழைய உலகப்படத்தைக் கொண்டுவந்தார். துணியில் ஒட்டிய பெரிய படம். அதிலிருந்த பாதி நாடுகள் இப்போது இல்லை. மூச்சக்கா அதன்மேல் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனாள்.

அடியில் போனதும்தான் தெரிந்தது, எண்ணெய்த் தொட்டியை அடைத்திருக்கும் போல்ட் அவள் பக்கமாக இல்லை என்று. அது பின்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தலை முன்பக்கம் இருந்தது. பின்பக்கமாகப் போய்ப் படுக்கலாம் என்றால், அங்கே உடம்பு நுழைய இடமில்லை. ஆகவே கையை அந்தப் பக்கமாக வளைத்து, கண்ணால் பார்க்காமல், தொட்டுத் தடவித்தான் ஸ்பேனரை மாட்டவேண்டியிருந்தது. மூன்று முறை மாட்டி, மூன்று முறையும் நழுவி நெற்றியில் விழுந்தது. நாலாவது முறை பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திருப்பினால் கழலும் என்பது உலகத்துக்கே தெரியும். இடது பக்கம் இழுத்தாள்.

அது அசையவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். காலைச் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். ஸ்பேனரின் முனையில் ஒரு இரும்புக்குழாயைச் செருகி இழுத்தாள். குழாய் செருகியபோது ஒரு தடவை கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. அந்த நம்பிக்கையில் இன்னும் அரை மணி நேரம் போராடினாள். கண்ணில் மண் விழுந்தது. கையுறை கிழிந்தது. வெளியே வந்து இன்னொரு ஜோடி மாட்டிக்கொண்டு திரும்பப் போனாள்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கடைசியாக அந்த போல்ட்டை முடுக்கியது அண்ணன். பஸ் சக்கரத்தை முடுக்கிய கை. இந்தச் சின்ன வண்டியையும் பஸ் என்று நினைத்து முடுக்கியிருக்கிறார். வேண்டுமென்றே செய்திருந்தாலும் செய்திருப்பார். வண்டிக்கு அடியில் படுத்தபடி அவள் அண்ணனைத் திட்ட ஆரம்பித்தாள். முதலில் மனசுக்குள் திட்டினாள். பிறகு வாய்விட்டே திட்டினாள். சின்ன வயசில் அவளுடைய சைக்கிள் மணியைக் கழற்றித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டது வரைக்கும் போய்விட்டாள்.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தாள் திருத்தினார். பன்னிரண்டு மணிக்கு மேல் அவருக்கே பொறுக்கவில்லை. சத்தமில்லாமல் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். பிறகு காரின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உங்க அண்ணன் லைன்ல இருக்கார்" என்றார்.

அடியிலிருந்து "யார் கூப்பிடச் சொன்னது?" என்று மட்டும் வந்தது.

"நான்தான் கூப்பிட்டேன். பேசறியா?"

"எனக்கு அவர்கிட்ட பேச ஒண்ணும் இல்ல. அந்த போல்ட்டை எதுக்கு அப்படி முடுக்கினார்னு மட்டும் கேளுங்க."

கணவர் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை அப்படியே ஒப்பித்தார். தான் அளவாகத்தான் முடுக்கியதாகவும், சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் திருகுகிற மாதிரி லேசாகத்தான் வைத்ததாகவும், தன் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு போல்ட்டைக்கூட அதிகமாக முடுக்கியதில்லை என்றும் மச்சான் சொல்கிறார் என்றார். அப்படியானால் நான் என்ன பொய்யா சொல்கிறேன் என்று கேட்கச் சொன்னாள் அவள். எந்தப் பக்கம் திருப்புகிறாள் என்று கேட்கச் சொன்னார் அண்ணன். இடது பக்கம்தான் என்று சொல்லச் சொன்னாள் அவள். இப்படி நாலைந்து தடவை போய் வந்ததில், பூகோள வாத்தியாருக்கு நியாயமாக ஒரு சந்தேகம் வந்தது.

"யாருக்கு இடது?" என்று கேட்டார்.

"என்னது?"

"இல்ல, அந்த போல்ட் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு. நீ இந்தப் பக்கம் படுத்திருக்க. போல்ட்டோட மூஞ்சிக்கு நேரா நின்னு பாத்தா இடதா? இல்ல உனக்கு இடதா?"



மூச்சக்கா இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் இடது, வலது என்று ஈய எழுத்தை ஒட்டுகிறவள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், நோயாளியின் இடதுதான் இடது, உங்கள் இடது இல்லை என்று முதல் நாளே சொல்லித் தருகிறவள். அவள் இப்போது மெதுவாக ஸ்பேனரைக் கழற்றி, மறுபடி மாட்டி, தன் வலது பக்கமாக இழுத்தாள். குழாய் வேண்டியிருந்தது. முழு பலமும் வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒன்றரை மணி நேரமாக அதை முடுக்கிக்கொண்டிருந்தது அவளேதான். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் கழன்று விரலோடு வந்துவிட்டது. கறுத்த எண்ணெய் அடியில் வைத்திருந்த சட்டியில் பாதி, அவள் மணிக்கட்டில் பாதியாக இறங்கியது.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"கழண்டுடுச்சு."

"எப்படி?"

"கழண்டுடுச்சுன்னு சொல்லுங்க, போதும்."

அவர் கழன்றுவிட்டது என்று போனில் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷர்.

அடுத்தது ஃபில்டர். அது போல்ட்டைவிடக் கொடுமை. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், குழாய்கள் நாலுக்குப் பின்னால், ஒரு கை மட்டும் போகிற சந்தில் அது உட்கார்ந்திருந்தது. கையை உள்ளே விட்டால் கண்ணுக்கு மறைந்துவிடும், கண்ணால் பார்க்கலாம் என்றால் கையை எடுக்கவேண்டும். அதைக் கழற்றவென்று வாங்கிய பட்டைக்கருவியை அந்தச் சந்தில் திருப்ப இடமில்லை. விரலால் பிடித்தால் வழுக்கியது. இரண்டு மணி வரைக்கும் அதனோடு மல்லுக்கு நின்றாள். சாப்பிடக் கூப்பிட்ட கணவரிடம், சாப்பாட்டைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள் என்றாள்.

அண்ணனோ போனை வைக்கவே இல்லை. கேட்காமலேயே யோசனை வந்துகொண்டிருந்தது. உப்புத்தாளை ஃபில்டரில் சுற்றிப் பிடித்துத் திருப்பச் சொல்லுங்க மாப்பிள்ளை என்றார். அவருடைய யோசனையை எடுத்துக்கொள்வதில்லை என்று அவள் கால் மணி நேரம் பிடிவாதமாக இருந்தாள். பிறகு உப்புத்தாள் கொண்டுவரச் சொன்னாள். ஒரே திருப்பு. கழன்றுவிட்டது. அதிலிருந்த எண்ணெய் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கி, அக்குள் வரைக்கும் போனது. அது வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் அவளை ரொம்பவும் கோபப்படுத்தியது.

"போதும், கழண்டுடுச்சு. வைக்கச் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்தப் பக்கத்தில் அண்ணன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் பாதி கேட்டு, பாதி கேட்காமல், சரி மச்சான், சரி மச்சான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டு மணி நேரமாக இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரராக இருந்து அவருக்கும் அலுத்துவிட்டது. "ஏதோ ரப்பர்னு சொன்னார்" என்றார்.

"என்ன ரப்பர்?"

"ரப்பர் இருக்கான்னு பாக்கச் சொன்னார். கையுறையத்தான் சொல்றார் போல."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் மூச்சக்கா எரிச்சலோடு. அவர் தன்னை இன்னும் சின்னப் பிள்ளை என்றே நினைக்கிறார் என்று தோன்றியது. புது ஃபில்டரை அந்தச் சந்தில் கொண்டுபோய், நாலைந்து முறை குறுக்கே மாட்டி, ஒருவழியாக முடுக்கினாள். அடி போல்ட்டை மாட்டினாள். இந்த முறை இடது வலது இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் திருப்பினாள். புது எண்ணெயை ஊற்றினாள். தேன் நிறத்தில் அழகாக இறங்கியது. காலையிலிருந்து நடந்ததில் அந்த ஒன்றுதான் பார்க்க நன்றாக இருந்தது.

மூன்றரை மணிக்கு இன்ஜினைக் கிளப்பினாள். உடனே பிடித்துக்கொண்டது. கணவர் வண்டிக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினார். அவளுக்கும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பத்து எண்ணுவதற்குள் கணவர் தலையாட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

"கீழ ஏதோ ஓடுது" என்றார். பதறவில்லை. வகுப்பில் ஆற்றின் போக்கைச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

அவள் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தபோது, இப்போதுதான் ஊற்றிய எண்ணெய் உலகப்படத்தைத் தாண்டி, சரிவில் இறங்கி, வாசற்கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கணவர் உள்ளே ஓடிப்போய்ச் செய்தித்தாள் கட்டைக் கொண்டுவந்து வாசலில் அணை கட்டினார். மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவர் ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

மூச்சக்கா அந்தப் பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஆனால் யாராவது பக்கத்தில் வந்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்களை ஸ்பேனரால் அடித்திருப்பாள். கணவருக்கு அது தெரியும். அவர் தள்ளியே நின்று தாள் தாளாக விரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ரப்பர்னு என்ன சொன்ன?" என்றாள். நலமா, எப்படி இருக்கிறாய் என்று எதுவும் இல்லை.

"பழைய ஃபில்டரோட வாயில ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது ஃபில்டரோட வந்துச்சான்னு பாக்கச் சொன்னேன். சில சமயம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடும். அதுக்கு மேல புதுசை மாட்டினா ரெண்டு ரப்பராயிடும். அழுத்தம் வந்ததும் பிச்சுக்கிட்டு ஊத்தும்."

அவள் காலடியில் கிடந்த பழைய ஃபில்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வாயில் வளையம் இல்லை. வெறும் பள்ளம்தான் இருந்தது.

"எவ்வளவு போச்சு?" என்று கேட்டார் அண்ணன்.

"முக்காவாசி."

"நான்தான் சொன்னேனே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் சொன்னதுதான். அவர் சொன்னது சரிதான் என்பதும், அதைக் கேட்காமல் போனை வைக்கச் சொன்னது தான்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் இருக்காது, ஆறு மணிக்கு வண்டியை நகர்த்தவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

"எண்ணெய் என்கிட்ட இருக்கு" என்றார் அண்ணன்.

"உனக்கெதுக்கு என் வண்டி எண்ணெய்?"

"ரெண்டு மாசம் முன்னாடி மாத்தற நாள் வந்துச்சுல்ல. வாங்கி வச்சேன். நீ கூப்பிடல."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். சரி, கொண்டுவா, ஆனால் நீ எதையும் தொடக்கூடாது என்றாள்.

நாலே முக்காலுக்கு அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் அதே துணிப்பை. வாசலில் கட்டியிருந்த செய்தித்தாள் அணையைத் தாண்டி வந்து, தரையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவளுக்குத் தலைமயிர் முதல் காலணி வரைக்கும் எண்ணெய். சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அண்ணன் அதில் உட்கார்ந்தார், ஆனால் உட்காரவில்லை. நுனியில் இருந்துகொண்டு, கொடு நான் பார்க்கிறேன் என்று மூன்று தடவை எழுந்தார். மூன்று தடவையும் அவள் உட்காரச் சொன்னாள்.

ஃபில்டரைக் கழற்றினாள். இன்ஜினின் வாயில் பழைய வளையம் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் சுரண்டி எடுத்து, அண்ணன் முன்னால் தரையில் போட்டாள். துடைத்தாள். மறுபடி மாட்டினாள். கையால் முடுக்கினால் போதும், கருவி வேண்டாம் என்றார் அவர். தெரியும் என்றாள். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எண்ணெயை ஊற்ற அண்ணன் டப்பாவைத் தூக்கிக் கொடுத்தபோது, இடது கையால் கொடுத்தார். வலது கை மடியிலேயே இருந்தது. அவள் அதைக் கவனித்தாள். அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கிளப்பினார்கள். மூன்று பேரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. வண்டியை இறக்கி வெளியே எடுத்தாள். மருந்துக்கடைக்காரர் ஆறடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது வந்து, எண்ணெயில் டயர் படாமல் ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் அண்ணன் கிளம்பவில்லை. அவருக்கு வேறு ஒரு கவலை. அடி போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். அது எப்படி அவ்வளவு இறுகியிருக்க முடியும் என்றார். நான் அளவாகத்தான் வைத்தேன், கை பிசகிவிட்டதா, வயசாகிவிட்டதா என்றெல்லாம் பேசிக்கொண்டே போனார். டிப்போவில் இளசுகள் முடுக்குகிற போல்ட்டையெல்லாம் திட்டித் திருத்தியவர். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கணவர் எதிர்வீட்டுக் கூரையில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மூச்சக்கா கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தாள். அவர் மறுபடி கையைப் பார்த்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"நீ ஒண்ணும் முடுக்கல. நான்தான் முடுக்கினேன்" என்றாள்.

"எப்ப?"

"இன்னைக்குத்தான். ஒன்றரை மணி நேரம். மாத்தித் திருப்பிட்டேன்."

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய கணவரைப் பார்த்தார். கணவர் கூரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அப்படிச் சொல்லு" என்று பெருமூச்சு விட்டார் அண்ணன். அப்புறம்தான் சிரிப்பு வந்தது அவருக்கு. நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். எக்ஸ்ரேக்காரிக்கு இடது வலது தெரியவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூச்சக்கா எழுந்து தரையைத் தேய்க்கப் போய்விட்டாள்.

சிரித்து முடித்துவிட்டு அவரும் ஒரு தேய்ப்பானை எடுத்துக்கொண்டு வந்தார். சோப்புத்தூளைப் போட்டு இரண்டு பேரும் மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். வாசல் பக்கம் வந்ததும் அவர், தலையைத் தூக்காமல், "அன்னிக்கு அந்த மைக்கை என் கையில குடுத்திருக்கக்கூடாது பாப்பா" என்றார்.

"யாரும் குடுக்கல. நீயாப் போய் வாங்கின."

"ஆமா" என்றார்.

அவரிடமிருந்து அதற்கு மேல் வராது என்று அவளுக்குத் தெரியும். தேய்க்கும்போதும் அவர் இடது கையாலேயே தேய்த்தார். தோள் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, படுத்த வாட்டம் சரியில்லை என்றார். நாலு மாதமாகவா படுத்த வாட்டம் சரியில்லை என்று அவள் குத்துமதிப்பாகக் கேட்டதும், ஐந்து மாதம் என்று வாயை விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு எக்ஸ்ரே அறைக்கு வரச் சொன்னாள். வந்தார். தட்டு ஜில்லென்று இருக்கிறது, கையை இவ்வளவு தூக்க முடியாது, இந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னார். தோளில் எலும்பு ஓரத்தில் தேய்ந்திருந்தது. புதிதாக வந்திருக்கும் எலும்பு டாக்டர் ஒரு தாளில் ஆறு பயிற்சி எழுதிக் கொடுத்து, தினமும் இரண்டு வேளை செய்யச் சொன்னார். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூச்சக்கா இப்போது தினமும் சாயங்காலம் போன் பண்ணி, செய்தாயா என்று கேட்கிறாள். செய்தேன் என்கிறார். செய்வதில்லை. அது அவர் குரலிலேயே தெரிகிறது.